கீத் பேகர்லி

கீத் பேகர்லி ஓர் அமெரிக்கப் புள்ளியியலாளரும் உயிர் தகவலியல் ஆய்வாளரும் ஆவார். டெக்சஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரிலுள்ள எம். டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றியபோது, பிறர் வெளியிட்ட புற்றுநோய் ஆய்வுகளின் தரவுகளை மீண்டும் கணக்கிட்டுப் பிழைகளைக் கண்டறிந்தமைக்காக இவர் அறியப்படுகிறார். இவரும் சக ஆய்வாளர் கெவின் கூம்ப்சும் இம்முறையைத் தடயவியல் உயிர் தகவலியல் என அழைத்தனர். வெளியான தரவுகளையும் முடிவுகளையும் தடயங்களாகக் கொண்டு, இடையில் என்ன கணக்கு செய்யப்பட்டது என உய்த்தறிவதே இதன் பொருள்.

சூலகப் புற்றுநோய்ச் சோதனை

குருதியிலுள்ள புரதங்களின் அமைப்பைக் கொண்டு சூலகப் புற்றுநோயைக் கண்டறியலாம் என 2002 இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. இதனை வணிகச் சோதனையாக்கும் முயற்சியும் நடைபெற்றது. ஒரு தரவுத்தொகுதியில் காணப்பட்ட அமைப்பு மற்றொன்றில் மீளக் கிடைக்கவில்லை என 2004 இல் பேகர்லி குழுவினர் காட்டினர். நோயாளிகளின் மாதிரிகளும் நலமானோரின் மாதிரிகளும் வெவ்வேறு சூழலில் அளக்கப்பட்டால், காணும் வேறுபாடு நோயினால் வந்ததா, கருவியினால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது.

டியூக் பல்கலைக்கழக ஆய்வு

எந்த நோயாளிக்கு எந்த மருந்து பயன்தரும் என்பதைக் கட்டியின் மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு முன்கூட்டியே கூறலாம் என டியூக் பல்கலைக்கழகக் குழு 2006 இல் நேச்சர் மெடிசின் இதழில் அறிவித்தது. இம்முறையைப் பயன்படுத்த விரும்பிய எம். டி. ஆண்டர்சன் மருத்துவர்கள் அதனை ஆராயுமாறு பேகர்லியையும் கூம்ப்சையும் கேட்டுக்கொண்டனர்.

அவர்கள் கண்ட பிழைகளுள் இரண்டு முதன்மையானவை:

1. மரபணுப் பட்டியல்கள் ஒரு வரி நகர்ந்திருந்தன. மதிப்பெண் பட்டியலில் பெயர்கள் மட்டும் ஒரு வரி இறங்கிவிட்டால், ஒவ்வொரு மாணவருக்கும் அடுத்தவரின் மதிப்பெண் சேர்ந்துவிடும் அல்லவா? இங்கும் அவ்வாறே தொடர்பற்ற மரபணுக்கள் முடிவில் இடம்பெற்றன. அட்டவணையின் தலைப்பு வரியைச் சரியாகக் கையாளாதபோது இவ்வகைப் பிழை எளிதில் நேரும்.

2. சில மருந்துகளுக்கு, மருந்துக்கு இணங்கும் உயிரணுக்கள் எவை, எதிர்க்கும் உயிரணுக்கள் எவை என்ற குறியீடுகள் தலைகீழாக இருந்தன. இதனால் பயன்குறைந்த மருந்தே நோயாளிக்குத் தெரிவு செய்யப்படும் ஆபத்து இருந்தது.

ஒரு மருந்தின் அளவு பத்து மடங்கு கூடினால் மருத்துவர் உடனே ஐயுறுவார். ஆனால் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் பட்டியலைப் பார்த்து அது சரியா, தவறா எனச் சொல்ல எவராலும் இயலாது. எனவே எளிய பிழைகளும் இத்துறையில் மறைந்துவிடுகின்றன.

2007 இல் இவர்களின் மறுப்பு அதே இதழில் கடிதமாக வெளியானது. டியூக் குழு அதனை ஏற்கவில்லை. நோயாளிகளைக் கொண்ட மருத்துவச் சோதனைகள் தொடங்கின. இதனை அறிந்த பேகர்லியும் கூம்ப்சும் 2009 இல் தங்கள் ஆய்வை ஒரு புள்ளியியல் இதழில் விரிவாக வெளியிட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் இடைநிறுத்தப்பட்ட சோதனைகள் 2010 சனவரியில் மீண்டும் தொடங்கின. 2010 சூலையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் அவற்றை நிறுத்தக்கோரி அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கு எழுதினர். அதே மாதத்தில் முதன்மை ஆய்வாளர் அனில் பொட்டியின் தன்விவரக் குறிப்பில் ரோட்ஸ் புலமைப்பரிசில் பற்றிய தவறான தகவல் இருந்ததும் வெளியானது. சோதனைகள் அவ்வாண்டே கைவிடப்பட்டன. 2006 கட்டுரை 2011 இல் மீளப்பெறப்பட்டது. பொட்டி பொய்த்தரவுகளைச் சேர்த்தார் என 2015 இல் அமெரிக்க ஆராய்ச்சி நேர்மை அலுவலகம் முடிவு செய்தது. அவர் அதனை ஏற்கவோ மறுக்கவோ இல்லை.

மீளச்செய்யத்தக்க ஆய்வு

தரவும் கணினி நிரலும் கிடைத்தால் எளிதில் முடியும் சரிபார்ப்பு, அவை இல்லாதபோது நீண்ட உழைப்பாகிறது. ஆகவே பேகர்லியின் குழு, கணக்கிடும் நிரலும் விளக்கமும் ஒரே ஆவணத்தில் அமையும் ஸ்வீவ் என்னும் கருவியைத் தன் அறிக்கைகளுக்குக் கட்டாயமாக்கியது. டியூக் நிகழ்வையடுத்து அமெரிக்க மருத்துவக் கழகம் 2012 இல் வெளியிட்ட அறிக்கையும், தரவையும் நிரலையும் பிறர் பெற வழிசெய்ய வேண்டும் எனவும், நோயாளிகளிடம் சோதிக்கும் முன் கணக்கிடும் முறையை மாறாதவாறு உறுதிசெய்ய வேண்டும் எனவும் பரிந்துரைத்தது.