உப்பளமும் உடல்நலமும்

நோய்க்கு மருந்து தேடுவார் பலர். அந்நோய் பிறக்கும் இடத்தை நாடுவார் சிலரே. ஒருவருடைய பழக்கவழக்கங்களைப் போலவே, அவர் வாழும் இடமும் செய்யும் தொழிலும் நோய்க்குக் காரணமாகின்றன. இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்லவேண்டா. புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரை நீண்டு கிடக்கும் எங்கள் கடற்கரையே போதும்.

முதற்கண், மரக்காணத்து உப்பளத்தை எடுத்துக்கொள்வோம். பாத்திகளுக்கிடையே ஒதுங்க நிழல் இல்லை. மேலே வெயில், கீழே வெண்ணிற உப்பு அவ்வெயிலைத் திருப்பிக் கண்ணில் எறிகிறது. கடும் வெப்பத்தில் உழைப்பவர் உடலினின்று ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூட வெளியேறலாம். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். கடற்காற்றில் ஈரம் மிகுதியாதலின் அது எளிதில் ஆவியாவதில்லை. இழந்த நீரை ஈடுசெய்யாவிடில் குருதியின் அளவு குறையும். சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியும் குறையும். நாள்தோறும் இவ்வாறு நேரின் சிறுநீரகம் மெல்ல மெல்லப் பழுதடையக்கூடும். தண்ணீர் குடிக்கலாமே எனின், மறைவிடம் இல்லாத வெட்டவெளியில் வேலை செய்யும் பெண்கள் அதற்கஞ்சியே தாகத்தை அடக்கிக்கொள்வர். நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்னும் அறிவுரை அவர்களுக்கு யாது பயன்?

இனி, மனத்தின் நலத்தைக் காண்போம். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து செல்வது இயற்கை. 1980-களின் இறுதியில் எழுந்த புதுச்சேரித் துறைமுகத்தின் கற்சுவர்கள் அம்மணலைத் தடுத்தன. வடபுறக் கரைகள் மணலின்றி அரிக்கப்பட்டன. பொம்மையார்பாளையமும் அவற்றுள் ஒன்று. படகை ஏற்றவும் வலையை உலர்த்தவும் இருந்த மணற்பரப்பைக் கடல் கொண்டது. 2004-இல் ஆழிப்பேரலையையும் 2011-இல் தானே புயலையும் கண்ட மக்கள் இவர்கள். அலை வீட்டை நெருங்கும்போது உறக்கம் எங்ஙனம் வரும்? உறக்கக் கேடு நெடுநாள் நீடித்தால் இரத்த அழுத்தம் உயரக்கூடும், மனச்சோர்வும் சேரும்.

உடல் வலியும் மனச்சோர்வும் கூடிய இடத்தில் மது எளிதாக நுழைகிறது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மெத்தனால் உடலினுள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பை அழிக்கும், உயிரையும் பறிக்கும். குடிப்பழக்கம் தீது என்பதில் ஐயமில்லை. எனினும், அப்பழக்கத்திற்கு வழிவகுத்த அலுப்பையும் அச்சத்தையும் களையாமல் குடித்தவனை மட்டும் ஏசுதல் நீதியாகாது.

செய்யவேண்டியவை அரியன அல்ல. உப்பளத்தருகே நிழற்கூரையும் குடிநீரும் கழிப்பிடமும் வேண்டும். உச்சிவெயிலில் ஓய்வு வேண்டும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் காலுக்கு ரப்பர் மூடணியும் வேண்டும். தடைப்பட்ட மணலை வடகரைக்குக் கொண்டுசேர்த்தலும் வேண்டும். நம் உணவில் நாள்தோறும் உப்பு சேர்கிறது. அதனை வாரியெடுத்த கைகளுக்கு நிழலும் நீரும் அளிப்பது ஈகையன்று. நாம் தீர்க்கவேண்டிய கடன்.