சொல்லும் மின்துடிப்பும்

நுழையும்முன்

பேசுதல் எளிய செயலாகத் தோன்றுகிறது. ஆனால் நெஞ்சும் குரல்வளையும் நாவும் இதழும் ஒத்திசைந்து இயங்கினால்தான் ஒரு சொல் பிறக்கும். அந்த ஒத்திசைவைக் குலைக்கும் நோய் ஒன்றையும், அதற்கு அளிக்கப்படும் மூளைத் தூண்டல் மருத்துவம் பேச்சில் ஏற்படுத்தும் விளைவுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கேளாத கடைசிச் சொல்

வல்வில் ஓரியின் சிலை நிற்கும் ஊர் கொல்லிமலையின் செம்மேடு. அங்கு மிளகு விற்கும் முதியவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஓய்ந்திருக்கும்போது அவரது வலக்கை நடுங்குகிறது. நடை தளர்ந்து அடிகள் சிறுத்துவிட்டன. வாங்க வந்தவரிடம் அவர் விலை சொல்கிறார். முதற்சொல் கேட்கிறது; கடைசிச் சொல் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, ஐயா" என்கிறார் வந்தவர். முதியவரோ தாம் உரக்கவே பேசியதாக எண்ணுகிறார்.

நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயின் அடையாளங்கள் இவை. இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டு இந்நோயை விரிவாக எழுதினார். நடுமூளையில் கருநிறமாகத் தோன்றும் ஒரு பகுதியின் நரம்பணுக்கள் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அவ்வணுக்கள் படிப்படியாக அழியும்போது உடலின் இயக்கங்கள் மெதுவாகின்றன, தசைகள் விறைக்கின்றன. பேச்சும் ஓர் இயக்கமே. ஆதலால் குரல் தாழ்கிறது. ஏற்ற இறக்கம் மறைகிறது. ஒலிகள் ஒன்றோடொன்று மயங்குகின்றன. தம் குரலின் அளவைத் தாமே சரியாக உணரும் திறனும் பலருக்குக் குறைகிறது.

தெரிந்து தெளிவோம்

தமிழகத்தில் வளரும் பூனைக்காலிக் கொடியின் விதையில் லெவோடோபா இயற்கையாக உள்ளது. சென்னையில் ஆய்வு செய்த தாமோதரன், இராமசாமி ஆகியோர் 1937ஆம் ஆண்டு அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். மூளையில் டோபமினாக மாறும் இப்பொருள், 1960களில் நடுக்குவாதத்திற்கு மருந்தாயிற்று. எனினும் விதையைத் தாமே அளவின்றி உண்பது தீங்கு தரும். மருத்துவர் அளந்து தருவதே மருந்து.

தமிழில் இழப்பின் தன்மை

உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய எட்டிடங்களின் தொழிலால் எழுத்தொலியாகிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் விளக்குகிறது. நடுக்குவாதம் இவ்விடங்களுள் பலவற்றின் தசைகளைப் பாதிக்கிறது. நா போதிய அளவு வளையாதபோது லகர, ளகர, ழகர வேறுபாடு மங்குகிறது.

இந்நோயில் குரல் பெரும்பாலும் தொடரின் முடிவை நெருங்க நெருங்கத் தாழ்கிறது. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் நிற்பதே இயல்பு. காலம், இடம், உடன்பாடு, எதிர்மறை ஆகியவற்றை அதுவே உணர்த்துகிறது. 'நாளை மருத்துவமனைக்கு' என்பது வரை கேட்டு, 'வருவேன்' என்பதோ 'வரமாட்டேன்' என்பதோ கேளாமற்போனால், தொடரின் கருத்தே தொலைந்துவிடுகிறது.

ஆழ்மூளைத் தூண்டல்

ஆண்டுகள் செல்லச் செல்ல மருந்தின் பயன் சீராக நீடிப்பதில்லை. அந்நிலையில் தகுதியுடைய சிலருக்கு ஆழ்மூளைத் தூண்டல் அளிக்கப்படுகிறது. பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட் 1987ஆம் ஆண்டு இம்முறைக்கு வழிவகுத்தார். மூளையின் ஆழத்தில், பருப்பளவே உள்ள ஒரு நரம்பணுத் திரளில் மெல்லிய மின்முனை பொருத்தப்படுகிறது. மார்பின் தோலடியில் வைக்கப்படும் சிறு கருவி, நொடிக்கு ஏறத்தாழ 130 மின்துடிப்புகளை அதற்கு அனுப்புகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் இம்மருத்துவம் நடைபெறுகிறது.

இதனால் நடுக்கம் தணிகிறது, விறைப்பு தளர்கிறது. கோப்பையைச் சிந்தாமல் ஏந்த இயலாதிருந்த கை, மீண்டும் எழுதுகோல் பிடிக்கிறது. ஆனால் கை மீண்ட அளவுக்குப் பேச்சு மீள்வதில்லை. சிலருக்குக் குரலின் வலிமை கூடினாலும் சொற்றெளிவு குறைகிறது. இலண்டனில் இச்சிகிச்சை பெற்ற 32 பேரை ஆராய்ந்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ஓராண்டிற்குப் பின் அவர்களது சொற்றெளிவு சராசரியாக ஏறத்தாழ 17 விழுக்காடு குறைந்திருந்தது. மருந்து மட்டும் உண்டவர்களிடம் இக்குறைவு மிகச் சிறிது. 'க' எனத் தொடங்கும் சொற்களை விரைந்து கூறுமாறு கேட்டால், முன்னைவிடக் குறைவாகவே கூற இயலும் நிலையும் பலரிடம் காணப்படுகிறது.

ஓரியின் அம்பும் மின்முனையும்

ஓரியின் ஓரம்பு யானை முதலிய பல விலங்குகளை ஊடுருவிச் சென்றதாகச் சங்க இலக்கியம் புகழ்கிறது. மருத்துவரின் மின்முனைக்கோ இலக்கு ஒன்றே. அதனைக் கடந்து செல்லுதல் பிழையாகும். அந்த நரம்பணுத் திரளுக்கு அருகிலேயே முகம், நா, குரல்வளை ஆகியவற்றிற்கு மூளையின் கட்டளையைக் கொண்டுசெல்லும் நரம்பிழைகள் செல்கின்றன. மின்னோட்டம் அவற்றிற்குப் பரவினால் நாவும் இதழும் விறைத்துச் சொல் குழறுகிறது. மேலும், கையசைவைவிடப் பேச்சு நுட்பமானது. இருபக்க மூளையும் பங்கேற்கும் செயல் அது. ஆகவே ஓரிடத்தைத் தூண்டுவதால் மட்டும் அது சீராவதில்லை.

சீர்செய்யும் வழிகள்

மின்துடிப்பின் வலிமையைக் குறைத்தோ, அதன் எண்ணிக்கையை நொடிக்கு 60 அளவிற்குத் தாழ்த்தியோ, மின்முனையின் வேறு தொடுபுள்ளியைத் தேர்ந்தோ சிலரது பேச்சைத் தெளிவாக்கலாம். ஆனால் அவ்வாறு செய்யும்போது நடுக்கம் திரும்பக்கூடும். எனவே கைக்கும் நாவுக்கும் இடையே ஒரு சமநிலையை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே தேடவேண்டியுள்ளது. பேச்சுப் பயிற்சியும் துணைசெய்யும். லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் பெயரால் வழங்கும் பயிற்சிமுறையில், வாரத்திற்கு 4 நாள்கள் வீதம் 4 வாரங்கள், உரத்த குரலை இயல்பான அளவாக உணர நோயாளி பழகுகிறார். தூண்டல் பெற்றோரிடம் இதன் பயன் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

இச்சீரமைப்பு ஒரே நாளில் முடிவதன்று. பலமுறை மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கவேண்டிய மலைவாழ் முதியவருக்கு அவ்வொவ்வொரு பயணமும் பெருமுயற்சி. அதனால் அறுவைக்கு முன்பே அவரது பேச்சை அளந்து பதிவுசெய்வதும், எதனைப் பெறக்கூடும், எதனை இழக்கக்கூடும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் கூறுவதும் கடமையாகின்றன. மிளகைத் தம் கையால் நிறுக்க விழைபவருக்கு நடுங்காத கை பெரிது. பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லி மகிழ்பவருக்குத் தெளிந்த குரல் பெரிது. அத்தேர்வு அவருக்கு உரியது.

கேட்போர்க்கும் இதில் பங்குண்டு. அவர் எதிரே அமர்ந்து, இரைச்சலைத் தவிர்த்து, தொடர் முடியும்வரை காத்திருந்தால், இறுதியில் நிற்கும் அந்த வினைமுற்று நம் செவிக்கு எட்டும்.