பெயருக்கு அடுத்த சொல்

ஒரு தினசரியில் புரூஃப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கண்ணுக்கு அச்செழுத்து வேண்டியிருக்கிறது. கணினியில் ஏற்றி வைத்திருக்கும் பழைய லண்டன் பத்திரிகைகளைப் புரட்டுவதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. அவற்றில் ‘குயின் ஆன்’ என்று தேடிப் பாருங்கள். 1714இல் காலமான இங்கிலாந்து அரசியின் பெயர் 1880களிலும் வரும், 1930களிலும் வரும். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆண்ட காலத்துத் தாள்களில்தான் அந்தப் பெயர் அபூர்வம். உயிரோடிருந்தவரை அவர் வெறும் ‘மாட்சிமை தங்கிய அரசி’. பெயர் பெருகியது செத்த பிறகுதான்.

அந்தப் பெயரை எங்கே கண்டாலும் அடுத்த சொல்லைப் பாருங்கள். பல இடங்களில் அது ‘இறந்துவிட்டார்’ என்றிருக்கும். அது இரங்கல் அல்ல, கிண்டல். ஊருக்கெல்லாம் தெரிந்ததைப் புதிதுபோல ஒருவர் சொல்ல வந்தால், ‘ஆமாம், ராணி ஆன்கூட இறந்துவிட்டாராம்’ என்று வாயை அடைப்பது ஆங்கிலேயர் வழக்கம். நம் ஊரில் இதை ஆறின கஞ்சி என்போம். இந்தக் கேலிக்கு முதலில் அகப்பட்டவர் 1603இல் இறந்த அரசி எலிசபெத். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட உரையாடல் நூலில்கூட எலிசபெத்தின் பெயர்தான் இருக்கிறது. பிறகு அந்த இடம் ஆனுக்குப் போய்விட்டது.

உண்மையில் ஆனின் மரணம்போல நாடே பதறிக் காத்திருந்த செய்தி குறைவு. 17 முறை கருவுற்றவர் அவர். சிசுப் பருவம் தாண்டிய ஒரே மகனும் 1700இல், 11 வயதில் போய்விட்டான். அடுத்து யார்? மாற்றாந்தாய்க்குப் பிறந்த கத்தோலிக்கத் தம்பியா, நாடாளுமன்றம் 1701இல் சட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்த ஹனோவர் குடும்பமா? 1713 கிறிஸ்துமஸ் சமயத்தில் அரசி படுக்கையில் விழுந்தபோது, இறந்தே போனார் என்ற வதந்தியில் மக்கள் தங்கள் பணத்தை எடுக்க இங்கிலாந்து வங்கிக்கு ஓடினார்கள். 1714 ஆகஸ்ட் 1ஆம் தேதி கென்சிங்டன் அரண்மனையில் அது மெய்யானது. ஹனோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் வந்தார்.

தினசரி என்ற சங்கதியே இங்கிலாந்தில் அவர் காலத்தில் பிறந்ததுதான். 1702 மார்ச் 8இல் ஆன் அரியணை ஏறினார். மார்ச் 11இல் லண்டனில் எலிசபெத் மாலெட் என்ற பெண்மணி ‘டெய்லி குரான்ட்’ இதழைத் தொடங்கினார். ஒற்றைத் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, இரண்டு பத்தி. பத்திரிகைகள் பெருகியதும் அரசு வரியோடு வந்தது. 1712 ஆகஸ்ட் 1 முதல் அரைத் தாளுக்கு அரை பென்னி, முழுத் தாளுக்கு ஒரு பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். தாளில் முத்திரை குத்திய பிறகுதான் அச்சு. விகிதம் ஏறி இறங்கினாலும் இந்த முத்திரை வரி 1855 வரை பத்திரிகைகளை விடவில்லை.

ஆன் பெயருக்கு அடுத்த சொல் ‘பவுன்ட்டி’ என்றிருந்தால் அது திருச்சபைப் பணம். ஒரு குருவானவரின் முதலாண்டு வருமானமும், அதன்பின் ஆண்டுதோறும் பத்தில் ஒரு பங்கும் எட்டாம் ஹென்றி காலம் முதல் அரச கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்தன. 1704இல் ஆன் அதை ஏழைக் குருக்களுக்கான நிதியாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் 1925இல் வந்த சட்டத்தால், நிலத்திலிருந்து சபைக்குச் சேரவேண்டிய தசமபாகத் தொகையை வசூலிக்கும் வேலையும் இந்த நிதியத்தின் தலையில் விழுந்தது. தானிய விலை சரிந்த 1930களில் விவசாயிகள் கட்ட மறுத்தார்கள், ஜப்தி நடந்தது. சஃபோக் மாவட்டத்தின் எல்ம்செட் கிராமத்தில், தேவாலயத்துக்கு எதிரிலேயே 1934இல் நட்ட கான்கிரீட் நினைவுச்சின்னம் இன்றும் நிற்கிறது. 385 பவுண்டு பாக்கிக்காக 1,200 பவுண்டு பெறுமான பொருள்களைப் பறித்தார்கள், குழந்தையின் கட்டிலைக்கூட விடவில்லை என்று அதில் பொறித்திருக்கிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன் இறந்த அரசியின் பெயரைச் சொல்லி அந்த விவசாயிகள் கொதித்ததை அக்காலச் செய்திகளில் படிக்கலாம். 1948இல் அந்த நிதியம் வேறோர் அமைப்போடு இணைந்தது.

வீடு, நாற்காலி என்று அடுத்த சொல் வந்தால் ஆண்டைப் பாருங்கள். 1870களில் நார்மன் ஷா போன்ற கட்டடக் கலைஞர்கள் பரப்பிய செங்கல் வீட்டுப் பாணிக்கு அரசியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. வளைந்த கால் நாற்காலிகளும் பெரும்பாலும் அவருக்குப் பிந்தியவை.

ஆன் என்ற அந்தப் பெண்மணி மட்டும் வெகுகாலம் எங்கும் அகப்படவில்லை. பிறகு 2018இல் ‘தி ஃபேவரிட்’ படம் வந்து, ஆனாக நடித்த ஒலிவியா கோல்மனுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அப்போது பத்திரிகைகளில் அந்தப் பெயருக்கு அடுத்து வந்தவை கீல்வாதம், தோழிகள், பறிகொடுத்த பிள்ளைகள். செத்து மூன்று நூற்றாண்டு கழித்து ராணி ஆன் மறுபடி புதுச் செய்தியானார்.