முகாமில் எழுதிய பயணக் கதை

1942 ஜூனில் ஜெர்மனியின் பான் நகரிலிருந்து நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டபோது ஆல்பிரட் பிலிப்சனுக்கு வயது 78. மனைவியும் மகள் டோராவும் உடன் போனார்கள். பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து 1929-இல் ஓய்வு பெற்றவர், யூதர் என்பதால் கைதியானார். முகாமில் அவர் எழுத உட்கார்ந்தது, தாம் எப்படிப் புவியியலாளர் ஆனார் என்ற கதையை!

தந்தை லுத்விக் பிலிப்சன் பெயர் பெற்ற யூத மதகுரு. 1837-இல் யூதர்களுக்கென்று பத்திரிகை தொடங்கியவர். மகன் போன வழி வேறு. புகழ்பெற்ற புவியியலாளர் ரிக்தோஃபனிடம் பாடம் கேட்டார். மழைநீரை இரு பக்க ஆறுகளுக்கும் பிரித்துவிடும் மேடுகளை ஆராய்ந்து 1886-இல் லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார். மறு வருடமே கிரேக்கம் கிளம்பிவிட்டார்.

பெலோபனீசுத் தீபகற்பத்தைச் சுற்றிவந்து 1892-இல் அவர் முடித்த நூல்தான் பெயர் வாங்கித் தந்தது. பாறை என்ன வகை என்று பார்ப்பார். அந்த மண்ணில் என்ன விளைகிறது, ஊர் ஏன் அங்கே அமைந்தது என்பதையும் அதோடு சேர்த்தே பார்ப்பார். பழைய கோயில் தூண்களைத் தேடி அறிஞர்கள் படையெடுத்த நாட்டில், தூண் நிற்கும் தரையைப் படித்தவர் என்பதே என் கண்ணில் அவருடைய பெருமை. அப்புறம் தெசலி, ஈஜியன் தீவுகள், மேற்குத் துருக்கி. இத்தனை செய்தும் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 40 வயதில், அதுவும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். பிறகு ஹாலே, 1911-இல் சொந்த ஊரான பான்.

தெரேசியன்ஷ்டாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 1,40,000 பேரில் ஏறத்தாழ 33,000 பேர் அங்கேயே இறந்தார்கள். சுமார் 88,000 பேரை ஆஷ்விட்ஸ் கொலை முகாம் போன்ற இடங்களுக்கு ஏற்றி அனுப்பினார்கள். பிலிப்சன் குடும்பம் தப்பியதற்குக் காரணம் ஸ்வென் ஹெடின். ஸ்வீடன் நாட்டுப் பயணியான அவரும் ரிக்தோஃபனின் மாணவர். ஹிட்லரை வெளிப்படையாகப் புகழ்ந்தவர். அவர் பரிந்து பேசியதால் பிலிப்சனுக்கு முகாமில் ‘முக்கியஸ்தர்’ தகுதி கிடைத்தது. நண்பருக்காகப் பேசியவருக்கு முகாமின் பக்கத்து அறைக்காரர்கள் கண்ணில் படவில்லையே என்ற கசப்பு எனக்கு உண்டு. ஆனாலும் மூன்று உயிர் பிழைத்தது.

1945-இல் மூவரும் பானுக்கே திரும்பினார்கள். துரத்திய ஊருக்கா என்று நமக்குத் தோன்றும். கிழவரோ கிரேக்க நிலப்பகுதிகளைப் பற்றிய பெருநூலில் மூழ்கிவிட்டார். அதன் முதல் பகுதி 1950-இல் வெளிவந்தது. 1953-இல் அவர் இறந்த பிறகு மிச்சத்தை எர்ன்ஸ்ட் கிர்ஸ்டன் முடித்துக் கொடுத்தார். முகாமில் எழுதிய நினைவுக் குறிப்புகள் அச்சேறியது 1996-இல். தந்தையைப் போலவே புவியியல் படித்த டோரா அதைப் பார்க்க இல்லை. அவர் 1980-இலேயே காலமாகிவிட்டார்.