வெட்டாத கத்திகள்

ஓர் அங்குலத் தடிமனுள்ள கயிறு மேலிருந்து சும்மா தொங்குகிறது. அதன் கீழ் முனையைக் கட்டியிருக்கவில்லை, பாரமும் இல்லை. கத்தியை ஒரே வீச்சாக வீச வேண்டும், கயிறு துண்டாக விழ வேண்டும். அடுத்து, அமெரிக்காவில் வீடு கட்டப் பயன்படுத்தும் 'இரண்டுக்கு நாலு' மரச்சட்டத்தை அதே கத்தியால் கொத்தி இரண்டாக்க வேண்டும். ஒரு தடவை போதாது, இரண்டு தடவை. இத்தனை கொத்து கொத்திய பிறகும் கத்தியின் வாய் மழுங்காமல் கை முடியைச் சிரைக்க வேண்டும். கடைசியாக, அலகை வைஸில் இறுக்கி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். லேசாக விரிசல் விட்டால் மன்னிப்பு உண்டு. முறிந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டி கொல்லர்களுக்கு வைக்கும் பரீட்சை இது. ரொம்ப யோசித்து வைத்த பரீட்சை. எஃகு அதிகம் கடினப்பட்டிருந்தால் வளைக்கும்போது முறிந்துவிடும். மென்மையாக இருந்தால் மரத்தைக் கொத்தும்போதே வாய் மடங்கிவிடும். வாய் கடினமாகவும் முதுகு இளகியும் இருக்கும்படி தோய்ச்சலும் பதமும் போடத் தெரிந்தவர்தான் இரண்டிலிருந்தும் தப்புவார். நம்மூர்க் கொல்லர் அரிவாளை முழுக்கத் தண்ணீரில் போடாமல் வாய்ப்பக்கத்தை மட்டும் முக்கி எடுப்பதன் சூட்சுமமும் இதுதான்.

இதில் தேறியவர் அடுத்து ஐந்து கத்திகளைச் செய்துகொண்டு ஜூன் மாதம் அட்லாண்டாவில் நடக்கும் பிளேட் ஷோவுக்குப் போக வேண்டும். அங்கே நடுவர்கள் அவற்றைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். வெட்டிப் பார்ப்பதில்லை, வளைத்துப் பார்ப்பதில்லை. ஆக, சோதிக்கப்பட்ட கத்தி கோணிக்கொண்டு பட்டறைச் சுவரில் தொங்கும். சோதிக்கப்படாத ஐந்தும் பட்டுத்துணி மேல் ஏறும், புகைப்படக்காரரிடம் போகும், சேகரிப்பாளரின் கண்ணாடிப் பேழையில் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவை தம் ஆயுளில் ஒரு தக்காளியைக்கூட நறுக்கப் போவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கலையின் அமெரிக்கக் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1930களில் ஃப்ளோரிடாக்காரரான போ ராண்டல், மிச்சிகனில் ஓர் ஏரிக்கரையில், ஒருவர் படகின் பழைய பெயின்டைக் கத்தியால் சுரண்டுவதைப் பார்த்தார். அப்படிச் சுரண்டியும் அந்தக் கத்தியின் வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. வில்லியம் ஸ்கேகல் என்ற கொல்லர் செய்த கத்தி அது. ராண்டல் அதை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி, பொழுதுபோக்காகத் தானே கத்தி செய்யத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் தேடி வாங்கும் பெயராக ராண்டல் வளர்ந்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்து பாப் லவ்லெஸ் என்ற இளைஞர் நியூயார்க் கடையொன்றில் ராண்டல் கத்தி கேட்டபோது, மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். பழைய கார் ஒன்றின் ஸ்பிரிங் பட்டையை எடுத்து அவரே ஒன்றைச் செய்துகொண்டார். வேலை செய்யும் கத்தியைக் கண்ணால் கண்ட வியப்புதான் எல்லாவற்றுக்கும் முதல்.

திருப்பம் 1973இல். கன்சாஸ் சிட்டியில் நடந்த கத்திக் கலைஞர் சங்கக் கண்காட்சிக்கு, மேரிலாண்டைச் சேர்ந்த பில் மோரான் சில கத்திகளைக் கொண்டுவந்தார். அவற்றின் அலகு முழுக்க நீரோட்டம் போல வரிகள். டமாஸ்கஸ் என்று பெயர் சொன்னார். அமெரிக்காவில் கிட்டத்தட்ட வழக்கொழிந்து போயிருந்த வித்தை. அதுவரை கத்தி என்றால் கூர், எடை, வடிவம். அன்றிலிருந்து அலகின் முகமும் ஒரு சித்திரமாயிற்று. 1976இல் மோரானும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியதுதான் மேலே சொன்ன சொசைட்டி.

அந்த வரிகள் எப்படி வருகின்றன? இன்று பெரும்பாலான கொல்லர்கள் இரண்டு எஃகு எடுக்கிறார்கள். ஒன்று 1084, சாதாரணக் கார்பன் எஃகு. மற்றது 15என்20, அதில் சுமார் 2 சதவீதம் நிக்கல் உண்டு. இரண்டையும் தகடுகளாக மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் ஏறக்குறைய வெண்சூடு ஏற்றி, இடையில் கசடு சேராமலிருக்க வெண்காரம் தூவி, சம்மட்டியால் அடித்தால் எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிடும். அதை நீட்டி, இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து மறுபடி அடிக்க வேண்டும். பத்து அடுக்கில் தொடங்கினால் ஐந்தாவது மடிப்பில் 320 ஆகிவிடும். அந்தச் சொசைட்டி தரும் மாஸ்டர் பட்டத்துக்கு வருகிறவர் வைஸில் வளைக்கக் கொடுக்கும் அலகே குறைந்தது 300 அடுக்குள்ள டமாஸ்கஸாக இருக்க வேண்டும் என்பது விதி.

இப்படி அடுக்கினால் மட்டும் சித்திரம் வராது, நேர்க்கோடுகள்தான் வரும். கட்டியின் குறுக்கே பள்ளங்கள் அறுத்து மறுபடி தட்டையாக அடித்தால் ஏணிப்படி வரி. குழி குழியாகத் துளைத்து அடித்தால் மழைத்துளி. கட்டியையே கயிறு மாதிரி முறுக்கி அடித்தால் நட்சத்திரங்கள். எல்லாம் முடிந்து மெருகேற்றினால் ஒன்றுமே தெரியாது, வெறும் கண்ணாடி. ஃபெரிக் குளோரைடு கரைசலில் முக்கி எடுக்கும்போதுதான் 1084 அரித்துக் கறுக்கிறது, நிக்கல் கலந்தது பளபளப்பு குறையாமல் நிற்கிறது. வரி எழுந்து வருகிறது.

இங்கே ஒரு இடைச்செருகல். டமாஸ்கஸ் என்றதும் நம்மில் பலர், 'அது நம்மூர் எஃகுதானே' என்று மார்தட்டுவோம். மோரான் செய்தது அதுவல்ல. தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குப் போனது மூசையில் உருக்கிய உக்கு எஃகு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அகழ்ந்தெடுத்தவற்றில் அந்த உருக்குத் தொழிலின் தடயங்களைக் காட்டுகிறார்கள் தொல்லியலாளர்கள். அந்த எஃகில் சுமார் ஒன்றரை சதவீதம் கார்பன். அடுக்கு, மடிப்பு ஏதும் கிடையாது. வரிகள் எஃகுக்குள்ளேயே, கார்பைடு துகள்கள் அணிவகுப்பதால் பிறப்பவை. ஃப்ளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்துவந்த ஆல் பெண்ட்ரே என்ற கொல்லரும் அயோவாவைச் சேர்ந்த உலோகவியல் பேராசிரியர் வெர்ஹோவனும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உழைத்து, தாதுவில் இருந்த மிகச் சிறிய அளவு வனேடியம் போன்ற கலப்புகளே அந்த அணிவகுப்புக்குக் காரணம் என்று 1990களில் காட்டினார்கள். அப்படிப்பட்ட தாது தீர்ந்ததும் கலையும் நின்றிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. ஆக, இரண்டும் டமாஸ்கஸ்தான், ஆனால் இரண்டு வேறு குடும்பம்.

இனி கேமராவுக்கு வருவோம். கைக்கடிகாரங்களைப் படமெடுப்பதில் உள்ள பிரதிபலிப்புத் தொல்லை இங்கே பத்து மடங்கு. மெருகேற்றிய அலகுக்கு என்று சொந்த நிறம் கிடையாது. எதிரே இருப்பதை அப்படியே காட்டும். மேலே நேராகக் கேமராவை நிறுத்தினால் லென்ஸின் கறுப்பு வட்டம் அலகின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் விழும். போலரைசர் மாட்டினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். அது மரப்பிடியின் மினுமினுப்பைக் குறைக்கும், மெருகேற்றிய உலோகத்திடம் அதன் பாச்சா பலிக்காது.

செய்ய வேண்டியது, அலகு எதைப் பார்க்க வேண்டும் என்று நாம் முடிவு செய்வது. முதுகுப்பக்கம் அடியில் துளி களிமண் வைத்து அலகை இம்மி சாய்க்க வேண்டும். அது பார்க்கும் திசையில் ஒரு பெரிய டிரேசிங் பேப்பரைப் பிடித்து, அதன் பின்னாலிருந்து விளக்கைக் காட்டினால், நிக்கல் வரிகள் வெள்ளி போல எழும், கறுத்த வரிகள் அப்படியே நிற்கும். அதே இடத்தில் பேப்பருக்குப் பதில் கறுப்பு அட்டையைப் பிடித்துப் பாருங்கள். பளபளத்த வரிகளும் கறுத்துப்போய், கொல்லர் வாரக்கணக்கில் உழைத்த சித்திரம் காணாமல் போய்விடும். அலகில் ஒன்றும் மாறவில்லை, எதிரே இருந்த அட்டைதான் மாறியது.

இதில்தான் எனக்கு ஒரு மனத்தாங்கல். வரிகளை எடுப்பாகக் காட்டும் அந்தப் பரந்த மெத்தென்ற வெளிச்சம், சாணையின் பிழைகளை மூடிவிடுகிறது. அலகின் தட்டைப் பரப்பு உண்மையிலேயே தட்டையா, அலை பாய்கிறதா என்று அறிய, குறுகிய ஒளிப்பட்டை ஒன்று நீளவாக்கில் விழ வேண்டும். பட்டை நேராக ஓடினால் கை நேர். நெளிந்தால் கை நெளிந்திருக்கிறது. எந்த விற்பனைப் படத்திலும் இந்த வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. வரி ஓடும் டமாஸ்கஸில் நெளிவைக் கண்ணாலேயே பிடிப்பது கஷ்டம், படத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் நான் லவ்லெஸ் கட்சி. அவர் கத்திகளில் வரியில்லை, பொறிப்பில்லை. முதுகுக்கோடு நுனியை நோக்கி மெல்ல இறங்கும் ஒரு வளைவு, கோடு மாறாத சாணை, அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள இடமே இல்லாத கத்தி. அதைப் படமெடுப்பது டமாஸ்கஸை எடுப்பதைவிடக் கடினம், ஏனென்றால் படத்தைத் தூக்கி நிறுத்த அந்த ஒரு வளைவைத் தவிர வேறெதுவும் கிடையாது.

கத்தியை வாங்க நினைப்பவர் முழு உருவப் படத்தைப் பார்த்து மயங்காமல், மூன்று படங்களைக் கேட்டு வாங்கலாம். ஒன்று, முதுகுக்கு நேர் மேலிருந்து: பிடியிலிருந்து நுனிவரை சீராகச் சிறுக்கிறதா, பிடியின் இரு கன்னமும் சமமா என்று அதில் தெரியும். இரண்டு, கைக்காப்பும் அலகும் சேரும் இடம், மிக அருகிலிருந்து. அங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் கறுப்புக் கோடாகக் காட்டிக்கொடுக்கும், தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கப் போவதும் அங்கேதான். மூன்று, சாணை தொடங்கும் இடம், இரண்டு பக்கமும். இடமும் வலமும் ஒரே புள்ளியில் தொடங்கியிருந்தால் கொல்லர் பொறுமைசாலி. புகைப்படக்காரர் கணினியில் தூசியைத் துடைக்கலாம், விரல் ரேகையைத் துடைக்கலாம். அந்த மயிரிழையைத் துடைத்தால் அது புரட்டு.

விரல் ரேகை என்றதும் ஒரு எச்சரிக்கை. கார்பன் எஃகு அலகை வெறுங்கையால் தொட்டால், வியர்வை உப்பு பட்ட இடத்தில் துரு பூக்கும். கண்காட்சி மேசையில் பிடியைத்தான் பிடிக்க வேண்டும், அதுவும் கேட்ட பிறகு. அலகைத் தடவிப் பார்க்கிறவரை அந்த மேசைக்காரர் லேசில் மறக்க மாட்டார்.

அடுத்த வாரம் ஜப்பானில் சகாய் நகரத்துச் சமையல் கத்திகள். அங்கே அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி போடுபவர் வேறொருவர். அலகில் பெயர் யாருடையது என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

(தொடரும்)