மலைநாட்டு இளைஞரும் துடுப்பாட்ட ஏணியும்

இலக்கியமும் தத்துவமும் ஆராயப்படும் இம்மலரில் பந்துக்கும் மட்டைக்கும் என்ன வேலை என்று சில அன்பர்கள் வினவக்கூடும். சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து நாள்தோறும் மூன்று மைல் நடந்து பாடசாலைக்கு வருபவன் அவன். மென்பந்தாட்டத்தில் அவனுடைய வேகப்பந்தை எதிர்கொள்ள மூத்த மாணவரும் தயங்குவர். "சேர், படிப்ப விட்டுட்டு கிரிக்கெட்ட மட்டும் பார்த்தா நான் நாட்டுக்கு விளையாடலாமா?" என்றான் அவன். முயன்றால் முடியாதது இல்லை என்பது ஆசிரியர் நாவில் எளிதாக வரும் விடை. வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினைக்கு ஓர் அதிகாரமும் வகுத்துச் சென்றமையால், அவரைத் துணைக்கு அழைத்தும் எப்பக்கத்திற்கும் விடை கூறிவிடலாம். ஆயினும், பதினாறு வயதுப் பிள்ளையின் எதிர்காலத்தை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட மனம் ஒப்பவில்லை. ஆதலின் அவன் வினாவைச் சிறிது ஆராய்வாம்.

கீழ்நிலையில் ஆடும் இளைஞருள் எத்தனை பேர் மேல்நிலையை எய்துவர் என்பதைத் தெளிவாகக் கணக்கிடக்கூடிய விளையாட்டு ஒன்று வட அமெரிக்காவில் உண்டு. அது பனிக்கட்டி ஹொக்கி. நம் நாட்டுப் பாடசாலைகளில் புல்தரையில் ஆடப்படும் ஹொக்கியன்று. உறைந்த பனித்தளத்தின் மேல் சறுக்கிக்கொண்டே ஆடுவது. அங்கே தேசிய ஹொக்கி லீக் எனப்படும் உச்ச நிலையில் 32 அணிகள் உள. ஓர் அணிக்கு 23 பேர் எனக் கொண்டால் மொத்தம் 736 இடங்கள். ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் 224 இளைஞரை அவ்வணிகள் தெரிவு செய்கின்றன. இவர்கள் அனைவரும் நிலைத்து ஆடுவரெனின், மூன்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 736 இடங்களும் புதியவர்களால் நிரம்பிவிடும். பழையவர்களுட் பலரோ பத்தாண்டும் பதினைந்தாண்டும் இடம்விடாது ஆடுகின்றனர். எனவே, தெரிவு செய்யப்பட்டவருள்ளும் பெரும்பாலோர் உச்சத்தில் நிலைபெறுதல் இயலாது என்பது எளிய கணக்கு. தெரிவு செய்யப்படாதார் நிலையைக் கூறவேண்டுவதில்லை.

இக்கணக்கு அச்சமூட்டுவதே. ஆனால் அதன் மறுபக்கமே நம் கவனத்திற்குரியது. உச்ச லீக்கிற்கு அடுத்த படியாக அமெரிக்க ஹொக்கி லீக் என ஒன்று உண்டு. அதிலும் 32 அணிகள். மேலுள்ள ஒவ்வோர் அணிக்கும் கீழே ஓர் அணி துணை நிற்கின்றது. அங்கு ஆடும் இளைஞன் ஊதியம் பெறுகின்றான். மேலே ஒருவர் காயமுற்றால் அவன் அழைக்கப்படுகின்றான். சோபிக்காவிடின் மீண்டும் கீழே அனுப்பப்படுகின்றான். அடுத்த ஆண்டு மறுபடியும் அழைக்கப்படலாம். உச்ச லீக்கில் ஆடுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பேர் இக்கீழ்ப்படியில் நின்று வந்தவரே. மார்ட்டின் சான் லூயி என்னும் கனேடியர் உயரத்திற் குறைந்தவர். எந்த அணியும் அவரைத் தெரிவில் எடுக்கவில்லை. கீழ் லீக்குகளில் ஆடினார். கல்கரி அணி அவரைச் சேர்த்துக்கொண்டு, 2000ஆம் ஆண்டில் விட்டுவிட்டது. 2004இல் தம்பா பே அணி வெற்றிக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருது அவருக்கே கிட்டியது. தோற்றவன் நிற்பதற்கு ஒரு படி இருந்தமையாலேயே அவர் மறுபடியும் ஏற முடிந்தது.

இனி நம் நாட்டை நோக்குவாம். இலங்கை அணி தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை 1982 பெப்ரவரியில் கொழும்பு சரவணமுத்து மைதானத்தில் இங்கிலாந்துக்கு எதிராக ஆடிற்று. அன்று தொட்டு இன்றுவரை டெஸ்ட் ஆடிய இலங்கையர் தொகை இருநூறை எட்டவில்லை. ஆண்டுக்கு ஐவர் என்றாலும் மிகை. அவ்விடத்தை அடையும் வழியோ நெடியது. வயதுப் பிரிவுகளாக நடைபெறும் பாடசாலைக் கடினப்பந்துப் போட்டிகளில் ஆட வேண்டும். பின்னர்ப் பெரும்பாலும் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள கழகமொன்றிற் சேர வேண்டும். 1988-89ஆம் பருவத்திலிருந்து முதல்தரத் தகுதி பெற்ற அக்கழகப் போட்டிகளில் விளங்கியபின் தேர்வாளர் கண்ணிற் பட வேண்டும்.

இவ்விடத்தில் எல்லோர் வாயிலும் வரும் பெயர் முத்தையா முரளிதரன். 133 டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகள் வீழ்த்திய அவரை மேடைதோறும் தோட்டத் தொழிலாளியின் மகன் என்று பேசக் கேட்டிருக்கின்றேன். அது பிழை. தென்னிந்தியாவிலிருந்து 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் அவருடைய பாட்டனார். தந்தையார் கண்டிக்கு அண்மையில் விசுக்கோத்துத் தொழிற்சாலை நடத்தியவர். இவ்வொரு தலைமுறை வேறுபாடு சிறிதன்று. முரளிதரன் ஒன்பதாம் வயதிற் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். தொடக்கத்தில் மிதவேகப் பந்து வீசிய அவரைப் பதினான்காம் வயதில் சுழற்பந்துக்கு மாற்றியவர் கல்லூரிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ. 1990-91ஆம் பருவத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகள் வீழ்த்தி, அவ்வாண்டின் சிறந்த பாடசாலை ஆட்டக்காரர் எனத் தெரிவானார். அதன்பின் 1899இல் நிறுவப்பட்ட கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்தார்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. 1991இல் இலங்கை ஏ அணியோடு இங்கிலாந்து சென்ற அவர், ஐந்து ஆட்டங்களில் ஆடி ஒரு விக்கெட்டேனும் வீழ்த்தவில்லை. நூறு விக்கெட் எடுத்த கைக்கு ஒன்றும் கிட்டவில்லை! ஆனால் திரும்பி வந்து நிற்பதற்கு அவருக்கு ஒரு கழகம் இருந்தது. பந்து வீச ஓர் ஆடுகளம் இருந்தது. வீட்டில் அடுப்பெரிய அவருடைய சம்பளம் வேண்டப்படவில்லை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார். அவர்தம் மேதைமையைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. அந்த மேதைமை ஓராண்டு காத்திருக்க இடம் இருந்தது என்பதையே சுட்டுகின்றேன்.

என் மாணவனுக்கோ முதற்படியே இல்லை. எங்கள் பாடசாலையிற் கடினப்பந்து அணி கிடையாது. நல்ல மட்டையொன்றின் விலை, கொழுந்து பறிக்கும் தாயின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பிள்ளைகள் ஆடும் இடமோ பெரட்டுக் களம், அல்லது லயத்திற்கு முன்னுள்ள சரிவு. அங்கே இடப்பக்கம் அடித்தால் ஓட்டம், வலப்பக்கம் அடித்தால் பந்து ஆற்றோடு போய்விடும். மென்பந்தில் வேகமாக வீசுபவன் கடினப்பந்திலும் அவ்வாறே வீசுவான் என்பதற்கும் உறுதியில்லை. பந்தின் எடை வேறு, அதன் தையலைப் பற்றும் விரல்களின் பழக்கம் வேறு.

மலைநாட்டில் மைதானமே இல்லை என்று கூறுதலும் பொருந்தாது. ரதல்லையில் திம்புள்ளைக் கழகத்திற்கும், தரவளையில் டிக்கோயா மஸ்கெலியாக் கழகத்திற்கும் அழகிய புல்தரைகள் உள. துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமக்கென அமைத்த கழகங்கள் அவை. அம்மேடுகளை எவருடைய மண்வெட்டி சமன்செய்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டுவதில்லை. தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்து, எஞ்சியிருந்தோருக்கும் அது முற்றாகக் கிடைக்க 2003 வரை காத்திருந்த வரலாற்றையும் இதனோடு சேர்த்து எண்ணுதல் வேண்டும். நாட்டின் குடியாகவே கொள்ளப்படாதவன் நாட்டுக்கு ஆடக் கனவு காண்பது எங்ஙனம்? இன்றைய பிள்ளைகளுக்கு அத்தடை இல்லை. அக்கனவு அவர்களுக்குப் புதிது. படி மட்டும் இன்னும் வரவில்லை.

படி ஒன்று புதிதாக அமைந்தால் ஏறுவோர் தோன்றுவர் என்பதற்கு வடக்கே ஓர் உதாரணம் உண்டு. 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கி யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணியும் அமைந்தபோது, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் அதில் ஆடினார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணியிலும் இடம்பெற்றார்.

என் சொந்த அனுபவமொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் தகும். நான் வெளிவாரியாகப் படித்துப் பட்டம் பெற்றவன். பகலிற் படிப்பித்து இரவிற் படித்தேன். ஒரு பாடத்தில் இருமுறை தவறினேன். தவறியபோதும் என் வேலை போகவில்லை, பரீட்சை வாயிலும் அடைபடவில்லை. மூன்றாம் முறை எழுதினேன். அந்த வாயில் ஒரே முறை திறந்து மூடுவதாக இருந்திருப்பின் இக்கட்டுரையின் கீழே என் பெயருக்குப் பின் இரண்டெழுத்து இராது.

ஆகவே மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, படிப்பை விடாதே. படிப்புக்காக மட்டும் சொல்லவில்லை, பந்துக்காகவும் சொல்கின்றேன். இந்நாட்டிற் கடினப்பந்துக்குப் போகும் வழி பாடசாலை வழியாகவே போகின்றது. பாடசாலையை விட்டவனுக்குக் கொழும்பிலே கடை வேலைதான் காத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மென்பந்து ஆடலாம்." அவன் முகம் வாடிற்று, எனினும் செவிகொடுத்தான்.

இவ்வாண்டு அவன் சாதாரண தரப் பரீட்சை எழுதியுள்ளான். கடினப்பந்து அணியுள்ள பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு இடங் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கின்றோம். மறுமொழி வருவதற்குள், விடுதிக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அவன் தாயார் இருமுறை வந்து கேட்டுச் சென்றார்.