குடல்வாலைக் காண மூன்று வழிகள்

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் நூற்றுக்கால் மண்டபத்தின் எதிரே ஓரிடத்தில் நின்று பாருங்கள். முன்வரிசைத் தூண்கள் பின்வரிசைத் தூண்களை மறைக்கும். மண்டபத்தைச் சுற்றி வந்தால்தான் எந்தத் தூண் எங்கே நிற்கிறது என்பது விளங்கும். வயிற்றுக்குள் குடல்வாலைத் தேடும் மருத்துவருக்கும் இதே தொல்லைதான்.

பெருங்குடலின் தொடக்கத்தில், வலது அடிவயிற்றில், புழுவைப்போல் தொங்கும் சிறு குழாயே குடல்வால். அதில் அழற்சி ஏற்பட்டால் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலப்பக்கம் கீழே இறங்கும். கவனியாது விட்டால் குடல்வால் வெடித்துச் சீழ் பரவலாம், உயிருக்கே ஆபத்து.

சாதாரண எக்ஸ் கதிர்ப் படம் இங்கே அதிகம் உதவாது. எலும்பு கதிரை நன்கு தடுக்கும். குடலும் தசையுமோ ஏறக்குறைய ஒரே அளவு தடுப்பதால் தனித்தனியே தெரிவதில்லை.

முதல் வழி மீயொலி. நமது செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். இக்கருவி 75 லட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியைக்கூட அனுப்பி, எதிரொலியால் படம் வரைகிறது. உடலில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். அதை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். அலைநீளம் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான்! ஆகவே 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, அழுத்தினாலும் அமுங்காத குடல்வாலை இனங்காண முடிகிறது. கதிர்வீச்சு இல்லாததால் சிறுவர்களுக்கு இதுவே முதற்சோதனை. ஆனால் குடலில் வாயு நிறைந்திருந்தால் ஒலி ஊடுருவாது. படம் தெளிவாக விழாது.

இரண்டாவது சி.டி. ஸ்கேன். மண்டபத்தைச் சுற்றி வருவதுபோல எக்ஸ் கதிர்க்குழாய் உடலைச் சுற்றி வர, கணிப்பொறி குறுக்குவெட்டுப் படத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. 1971இல் முதல் நோயாளி இவ்வாறு படம் எடுக்கப்பட்டார்; இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். மீயொலியை விடத் துல்லியமானது. ஆனால் இயற்கையிலிருந்து சில ஆண்டுகளில் பெறும் கதிர்வீச்சை ஒரே தடவையில் பெற நேரிடலாம்.

மூன்றாவது எம்.ஆர்.ஐ. பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு வலிமையுள்ள காந்தத்தில், உடலிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ரேடியோ அலைகளுக்கு அளிக்கும் விடையே படமாகிறது. கதிர்வீச்சு அபாயம் இல்லை, கர்ப்பிணிகளுக்கு ஏற்றது. செலவும் நேரமும் அதிகம்.

எது சிறந்தது? நோயாளி யார் என்பதைப் பொறுத்தது அது. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: வயிற்றுவலி என்றதும் விளக்கெண்ணெய் குடித்துக் காத்திராதீர்கள். அழற்சியுற்ற குடல்வாலுக்கு அது கேடு. வலி வலப்பக்கம் இறங்கினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.